கால் பவுன் எடையில் ஓர் உயிர்!

ராத்திரி பத்து மணி. அடுப்படி விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறோம். சற்று நேரத்தில் சுவர் ஓரமாக 'கிரீச், கிரீச்' என்று ஒரு சத்தம். எழுந்து விளக்கைப் போட்டால், நீண்ட மூக்கு ஒன்று முன்னே போக, சாம்பல் நிற உருவம் ஒன்று சுவரோடு சுவராக ஓடுகிறது. அரிசிப் பானைக்குப் பின்னால் மறைந்தும் விடுகிறது. அது போன பின்னும் வாடை மட்டும் போகவில்லை!

"எலி! எலி!" என்று பையன் கத்துகிறான்.

"எலி இல்லையடா, மூஞ்சூறு. அதன் பாட்டுக்குப் போகட்டும், விடு" என்கிறாள் பாட்டி.

பாட்டி சொன்னதுதான் சரி. எலி வேறு, மூஞ்சூறு வேறு.

எலிக்கு முன்புறம் உளி மாதிரிப் பற்கள் இருக்கின்றன. அவை வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் எலி எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும். மூஞ்சூறுக்கு இருப்பதோ ஊசி ஊசியான சின்னப் பற்கள். பூச்சியைக் கவ்வவும், அதன் ஓட்டை உடைக்கவும் அமைந்த பற்கள் அவை. எலி தானியம் தேடும். மூஞ்சூறு முக்கியமாகப் பூச்சி புழு தேடும்.

உறவு முறை பார்த்தாலும் மூஞ்சூறு எலிக்குப் பங்காளி அல்ல. நம் தென் மாவட்டத்துத் தேரிகளில் திரிகிறதே முள்ளெலி, அதற்குத்தான் இது உறவு. முள்ளெலிக்கும் பெயரில்தான் எலி!

பிள்ளையாரின் காலடியில் இருப்பதால் மூஞ்சூறை நமக்கெல்லாம் தெரியும். ஆனால் அதற்கு ஒரு குள்ளத் தம்பி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அந்தத் தம்பியின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறோம்.

தீக்குச்சி நீளம்

நம் வீட்டு மூஞ்சூறு ஐம்பது கிராமுக்கு மேலும் இருக்கும். அந்தக் குள்ள மூஞ்சூறின் எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 2 கிராம்!

ஒரு பவுன் என்பது 8 கிராம். ஆக, கால் பவுனில் மெல்லியதாக ஒரு மோதிரம் செய்தால் என்ன எடையோ, அதே எடைதான் இந்தப் பிராணி. அந்தக் கால் பவுனுக்குள் இருதயம், நுரையீரல், மூளை, குடல், நாலு கால், ஒரு வால், 30 பற்கள் எல்லாம் அடங்கியிருக்கின்றன!

மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்தால் சுமார் 4 சென்டிமீட்டர். ஒரு தீக்குச்சி நீளம். அதற்குப் பின்னால் 3 சென்டிமீட்டருக்குள் ஒரு வால். அவ்வளவுதான் ஆள்.

குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணிகளில் எடை மிகக் குறைந்தது இதுதான். தாய்லாந்தில் ஒரு குட்டி வௌவால் இதற்குப் போட்டியாக இருக்கிறது. உடல் நீளத்தில் பார்த்தால் அந்த வௌவால் இன்னும் சிறியது. தராசில் வைத்தால் மூஞ்சூறுதான் ஜெயிக்கும், அதாவது, தோற்கும்!

ஆப்பிரிக்க யானை ஒன்று 6,000 கிலோ இருக்கும். அந்த யானையைத் தராசின் ஒரு தட்டில் நிறுத்தினால், எதிர்த் தட்டில் எத்தனை குள்ள மூஞ்சூறுகளை வைக்க வேண்டும் தெரியுமா? முப்பது லட்சம்!

பெயர் வந்த கதை

இந்தப் பிராணியை உலகத்துக்கு அறிமுகம் செய்தவர் பாவ்லோ சாவி என்ற இத்தாலிய விஞ்ஞானி. பைசா நகரத்துக்காரர். சாய்ந்த கோபுரம் இருக்கிறதே, அதே பைசாதான். 1822-ஆம் வருஷம் இதைப் பற்றி எழுதிப் பெயர் வைத்தார்.

அந்தப் பிரதேசத்தில் ரோமாபுரிக்கு முன்பே எட்ரஸ்கர் என்ற ஜனங்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் பெயரையே சாவி இந்தப் பிராணிக்குச் சூட்டினார். அதனால்தான் இன்றும் இதை எட்ரஸ்கன் மூஞ்சூறு என்கிறார்கள்.

பெயரைக் கேட்டு இது இத்தாலிக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பெயின், பிரான்ஸ், கிரீஸ், வட ஆப்பிரிக்கா, அரேபியா என்று இதன் ராஜ்யம் பெரியது. கிழக்கே இந்தியா வரைக்கும் வந்திருக்கிறது. நம் நீலகிரியில் கிடைத்த இந்தச் சின்னஞ்சிறு மூஞ்சூறுக்கு, பெரோத்தே என்ற பிரெஞ்சுத் தாவர அறிஞரின் பெயரை 19-ஆம் நூற்றாண்டிலேயே வைத்தார்கள்.

ஆனால் இதைப் பற்றிய ஆராய்ச்சி அதிகமாக நடந்தது ஐரோப்பாவில்தான். அங்கே இத்தாலி, தெற்குப் பிரான்ஸ் போன்ற இடங்களில் மலைச்சரிவுகளைப் படிப்படியாக வெட்டித் திராட்சையும் ஆலிவ் மரமும் பயிரிடுகிறார்கள். மண் சரியாமல் இருக்கக் கல் சுவர் எழுப்புவார்கள். சுண்ணாம்பும் இல்லை, சிமெண்டும் இல்லை. கல்லின் மேல் கல்லாக அடுக்கிய வெறும் சுவர்.

அந்தக் கற்களின் இடுக்குதான் குள்ள மூஞ்சூறின் வீடு. தானாகக் குழி தோண்ட அதற்குத் தெரியாது. கல் இடுக்கு, வேர் இடுக்கு, வேறு பிராணி விட்டுப்போன வளை, இவற்றில் ஒன்று கிடைத்தால் போதும். குடக்கூலி இல்லாமல் குடி வந்துவிடும்!

டம்ளர் வெந்நீரும் அண்டா வெந்நீரும்

இத்தனை சிறியதாக இருந்தால் சௌகரியம்தானே? கொஞ்சம் தின்றால் போதும், எங்கே வேண்டுமானாலும் ஒளியலாம் என்று தோன்றும். ஆனால் விஷயம் அப்படி இல்லை. சிறியதாக இருப்பதற்கு ஒரு விலை உண்டு.

வீட்டில் ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். அண்டா நிறைய வெந்நீர் வையுங்கள். பக்கத்தில் ஒரு சின்ன டம்ளரில் அதே வெந்நீரை ஊற்றி வையுங்கள். குழந்தைக்கு மருந்து கொடுக்கும் பாலாடையிலும் கொஞ்சம் ஊற்றுங்கள்.

எது முதலில் ஆறும்? பாலாடையில் உள்ளது கண் மூடித் திறப்பதற்குள் ஆறிவிடும். டம்ளர் சற்றுப் பொறுத்து ஆறும். அண்டாவோ வெகு நேரம் சூடாகவே இருக்கும். காரணம் என்ன? சூடு வெளியேறுவது மேற்பரப்பின் வழியாக. பாத்திரம் சிறுக்கச் சிறுக்க, உள்ளே இருக்கும் தண்ணீர் குறைவு. அதோடு ஒப்பிட்டால் வெளியே தெரியும் பரப்பு அதிகம்.

உடம்பும் அப்படித்தான். யானை ஓர் அண்டா. மனிதன் ஒரு குடம். குள்ள மூஞ்சூறு ஒரு பாலாடை!

நம் உடம்பு போலவே அதன் உடம்பும் சூடாக இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சூடு நிமிஷத்துக்கு நிமிஷம் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது? அடுப்பை அணையவிடாமல் எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பு எரிய விறகு வேண்டும். விறகு என்றால் ஆகாரம்!

ஓயாத பசி

ஒரு நாளைக்கு இந்தப் பிராணி தின்பது தன் எடையைப் போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு. 60 கிலோ எடையுள்ள ஒரு மனிதர் இந்தக் கணக்கில் சாப்பிடுவதானால், தினம் 90 முதல் 120 கிலோ வரை சாப்பிட வேண்டும். நூறு கிலோ மூட்டை ஒன்றை ஒரே நாளில் தீர்க்க வேண்டும். மறுநாள் காலையில் அடுத்த மூட்டை!

நாம் ஏகாதசி விரதம் இருந்தால் உடம்புக்கு நல்லது என்கிறார்கள். இந்தப் பிராணி சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே உயிருக்கு ஆபத்து. ஆகவே நாம் தூங்குவது போல் ராத்திரி முழுவதும் அதனால் தூங்க முடியாது. பகலிலும் வேட்டை, இரவிலும் வேட்டை. நடுநடுவே சின்னச் சின்னத் தூக்கம். எழுந்ததும் மறுபடி வேட்டை.

ஆகாரத்தை உடம்பு முழுவதும் கொண்டு சேர்ப்பது ரத்தம். ரத்தத்தை ஓட்டுவது இருதயம். நம்முடைய இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் 70 தடவை துடிக்கிறது. குள்ள மூஞ்சூறு சும்மா இருக்கும்போதே அதன் இருதயம் 800 தடவைக்கு மேல் துடிக்கும். ஓடி ஆடினால்? 1,511 தடவை வரை விஞ்ஞானிகள் கணக்கு எடுத்திருக்கிறார்கள்!

அதாவது ஒரு வினாடிக்கு 25 துடிப்பு. நீங்கள் 'ஒன்று' என்று சொல்லி முடிப்பதற்குள் அந்த இருதயம் 25 தடவை அடித்து ஓய்ந்திருக்கும். ஓய்ந்திருக்கும் என்பதுகூடத் தப்பு. அடுத்த 25-ஐத் தொடங்கியிருக்கும். தையல் மிஷின் ஊசிகூட இதனிடம் தோற்றுப்போகும்!

மூச்சும் அப்படியே. நிமிஷத்துக்கு 600 தடவைக்கு மேல்.

இங்கே ஒரு வேடிக்கையான கணக்கு. யானையின் இருதயம் நிதானமாக நிமிஷத்துக்குச் சுமார் 30 தடவை துடிக்கும். 60 வருஷம் வாழ்ந்தால் மொத்தம் ஏறக்குறைய 94 கோடித் துடிப்பு. குள்ள மூஞ்சூறு நிமிஷத்துக்கு 800 வீதம் இரண்டு வருஷம் வாழ்ந்தால் ஏறக்குறைய 84 கோடி. இது தோராயக் கணக்குதான். ஆனாலும் பாருங்கள், இரண்டு பேருக்கும் பையில் இருப்பது கிட்டத்தட்ட ஒரே தொகை. யானை அதை அறுபது வருஷம் வைத்துச் செலவு செய்கிறது. இது இரண்டு வருஷத்தில் செலவழித்துவிடுகிறது.

மீசையே கண்

பசி இப்படி விரட்டும்போது வேட்டை தப்பலாமா? தப்பக்கூடாது. ஆனால் இந்த வேட்டைக்காரனுக்குக் கண் பார்வை மந்தம். கண் ஒரு கடுகளவு. வேட்டை நடப்பதோ இருட்டில். பிறகு எப்படி?

முகத்தைச் சுற்றி இருக்கும் மீசை மயிர்தான் அதற்குக் கண். நடக்கும்போதெல்லாம் அந்த மீசை துடித்துக்கொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் பொருளைத் தொட்டுத் தொட்டு, 'இது கல், இது இலை, இது இரை' என்று தெரிந்துகொள்ளும்.

ஜெர்மனியில் மைக்கேல் பிரெக்ட் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் இதைப் பரிசோதித்து 2006-ஆம் வருஷம் வெளியிட்டார்கள். குள்ள மூஞ்சூறோடு ஒரு சுவர்க்கோழியை விட்டார்கள். ராத்திரியில் சுவர் இடுக்கில் இருந்து கீச்சிடுமே, அந்தப் பூச்சிதான். அது கிட்டத்தட்ட மூஞ்சூறின் அளவே இருக்கும். நமக்கு ஒரு கன்றுக்குட்டியோடு மல்லுக்கு நிற்பது மாதிரி!

இருட்டில் மூஞ்சூறின் மீசை பூச்சியின் மேல் பட்டது. அவ்வளவுதான்! பாய்ந்து கவ்விவிட்டது. மீசை பட்டதற்கும் பாய்ந்ததற்கும் இடையே ஆன நேரம், மிக வேகமான பாய்ச்சலில், ஒரு வினாடியை நாற்பது பங்காக்கினால் ஒரு பங்கு. நாம் கண் இமைக்கும் நேரத்தில் அது இதைப்போல் பல பாய்ச்சல் பாய்ந்திருக்கும்!

கவ்விய இடமும் கண்டபடி அல்ல. தலைக்குப் பின்னால், கால்கள் முளைத்திருக்கும் நெஞ்சுப் பகுதி. எங்கே பிடித்தால் பூச்சி தப்பாதோ அந்த இடம்.

விஞ்ஞானிகள் விடுவார்களா? பூச்சியைப் போல் ஒரு பொம்மை செய்து வைத்தார்கள். அதையும் பாய்ந்து கவ்வியது! பிறகு நிஜப் பூச்சியின் உடம்பில் வேறு உறுப்புகளை ஒட்டி அதன் உருவத்தையே மாற்றினார்கள். வேட்டைக்காரனுக்குக் குழப்பம் வந்துவிட்டது. பாய்ச்சல் குறி தவறியது. அதிலிருந்து என்ன தெரிந்தது? இந்தப் பிராணி வாசனையை வைத்தோ சத்தத்தை வைத்தோ அல்ல, தொட்டுப் பார்த்து அறிந்த உருவத்தை வைத்தே வேட்டையாடுகிறது என்று தெரிந்தது. இரையின் உருவம் அதன் மனத்தில் பதிந்திருக்கிறது.

திரியைத் தாழ்த்தும் வித்தை

எத்தனை கெட்டிக்கார வேட்டைக்காரனாக இருந்தாலும், குளிர் காலம் வந்தால் என்ன செய்வது? பூச்சிகள் வெளியே வரா. குளிரில் உடம்புச் சூடு இன்னும் வேகமாகப் போகும். வரவு குறையும், செலவு கூடும். குடும்பஸ்தர்களுக்கு இந்தக் கஷ்டம் நன்றாகவே புரியும்!

மண்ணெண்ணெய் குறைந்துபோனால் நம் வீட்டுப் பெண்கள் அரிக்கேன் விளக்கின் திரியைத் தாழ்த்தி வைப்பார்கள் அல்லவா? விளக்கு அணையாது. வெளிச்சம் மங்கும், எண்ணெய் மிஞ்சும். அதே வித்தைதான் குள்ள மூஞ்சூறுக்கும்.

ஆகாரம் குறைந்து குளிர் மிகுந்தால், அது சுருண்டு படுத்து உடம்புச் சூட்டைத் தாழ்த்திவிடும். 37 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய உஷ்ணம் 12 டிகிரி வரைகூட இறங்கும். நிமிஷத்துக்கு 800 தடவை துடித்த இருதயம் 100 தடவைக்கு வந்துவிடும். மூச்சு 50-க்கு இறங்கும். தொட்டால் சில்லென்று இருக்கும். பார்த்தால் செத்துப்போயிற்று என்றே நினைப்போம்.

ஆனால் சாகவில்லை. வேளை வந்ததும் எழுந்திருக்கும். எப்படி? நடுங்கி! ஒரு வினாடிக்கு 58 தடவை தசைகள் நடுங்கும். அந்த நடுக்கத்தில் சூடு பிறக்கும். நிமிஷத்துக்கு முக்கால் டிகிரிக்கு மேல் உஷ்ணம் ஏறும். அரை மணி நேரத்துக்குள் பழைய சூடு வந்து, இருதயம் மறுபடி தையல் மிஷின் ஆகிவிடும். உடனே ஓடும், இரை தேட!

ஆனால் இதில் ஓர் அபாயமும் இருக்கிறது. திரியைத் தாழ்த்தியிருக்கும் அந்த நேரத்தில் பகைவன் வந்தால் ஓட முடியாது. எழுந்திருக்கச் செலவாகும் சூட்டுக்கும் கையிருப்பு வேண்டும். அந்தக் கையிருப்பும் தீர்ந்துவிட்டால், தாழ்த்திய விளக்கு அணைந்தே போகும்.

சுருங்கும் மூளை

இன்னும் ஓர் அதிசயம் கேளுங்கள். ஐரோப்பாவின் குளிர்ப் பிரதேசங்களில் இன்னொரு ஜாதி மூஞ்சூறு உண்டு. அதைப் போலந்து நாட்டு விஞ்ஞானி ஆகஸ்ட் தேனல் ஆராய்ந்து 1949-ஆம் வருஷம் ஒரு விஷயம் சொன்னார். குளிர் காலத்தில் அதன் மண்டை ஓடே சிறுத்துவிடுகிறது. உள்ளே மூளையும் சிறுக்கிறது. வசந்தம் வந்ததும் மறுபடி வளர்கிறது!

எலும்பு சுருங்குமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். பிற்காலத்தில் ஜெர்மனியில், அதே மூஞ்சூறுகளைத் திரும்பத் திரும்பப் பிடித்து எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். தேனல் சொன்னது உண்மை என்று 2017-இல் உறுதியாயிற்று.

நம் குள்ள மூஞ்சூறும் இந்த வித்தையை அறிந்ததே. தொட்டு உணரும் வேலையைச் செய்யும் மூளைப் பகுதியில் ஓர் அடுக்கு குளிர் காலத்தில் மெலிந்து, கோடையில் பழையபடி ஆகிறது என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள்.

மூளை என்பது அதிகம் தின்னும் உறுப்பு. பஞ்ச காலத்தில் பெரிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுச் சிறிய வீட்டுக்குப் போகும் குடும்பம் மாதிரி, இதுவும் மூளையைச் சுருக்கிச் செலவைக் குறைக்கிறது போலும்!

குட்டிகளின் ரயில் வண்டி

வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை குட்டி போடும் காலம். கருவில் சுமப்பது 27 அல்லது 28 நாள். ஒரு பிரசவத்தில் இரண்டு முதல் ஆறு குட்டிகள் பிறக்கும்.

பிறந்த குட்டியின் எடை 0.2 கிராம். பத்துக் குட்டிகளைச் சேர்த்து நிறுத்தால்தான் ஒரு தாயின் எடை வரும். உடம்பில் மயிர் இல்லை, கண்ணும் திறந்திருக்காது. இரண்டு வாரம் கழித்துத்தான் கண் திறக்கும்.

தன் ஒரு வயிற்றுக்கே ஓயாமல் ஓட வேண்டிய தாய், இத்தனை குட்டிகளுக்கும் பால் கொடுக்க வேண்டும். அதற்கும் சேர்த்து வேட்டையாட வேண்டும். குட்டிகளை விட்டுவிட்டுப் போனால் அவை குளிரும். போகாவிட்டால் பால் சுரக்காது. இரண்டுக்கும் நடுவே ஓடி ஓடித்தான் அது பிள்ளை வளர்க்கிறது.

கூட்டுக்கு ஆபத்து வந்துவிட்டால்? குட்டிகளுக்கு ஒன்பது, பத்து நாள் ஆகியிருந்தால் போதும். ஒரு குட்டி தாயின் வால் பக்கத்தை வாயால் கவ்விக்கொள்ளும். அதன் பின்னால் அடுத்த குட்டி கவ்வும். அதன் பின்னால் அடுத்தது. இப்படி வரிசையாக, இஞ்சினுக்குப் பின்னால் பெட்டிகள் போவது போல், தாய் வளைந்தால் வளைந்து, நின்றால் நின்று, எல்லாம் ஒன்றாக வேறு இடுக்குக்குப் போய்ச் சேரும்.

சுமார் மூன்று வாரத்தில் பால்குடி மறந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொன்றும் தன் வயிற்றுக்குத் தானே ஓட வேண்டியதுதான்.

ஆந்தை சொன்ன சேதி

இத்தனை சிறிய பிராணி எங்கெங்கே வாழ்கிறது என்று விஞ்ஞானிகள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பொறி வைத்துப் பிடித்தார்களா? வைத்தார்கள். ஆனால் எலிப்பொறியின் பலகையில் இது ஏறி நின்றால் பொறி விழாது. அவ்வளவு லேசு! உள்ளே போய்த் தின்றுவிட்டு வெளியே வந்துவிடும்.

உதவிக்கு வந்தது கூகை என்ற ஆந்தை. கூகை இரையை அப்படியே விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகத் திரட்டி வாயால் கக்கிவிடும். அந்த உருண்டைகளை விஞ்ஞானிகள் பொறுக்கி எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே அரிசி அளவு தாடை எலும்பும் சின்னஞ்சிறு பற்களும் இருந்தன. 'இந்த ஊரிலும் குள்ள மூஞ்சூறு இருக்கிறது' என்பதற்கு அதுவே சாட்சி. பல இடங்களில் உயிரோடு இதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லாதபோதே, ஆந்தை சேதி சொல்லிவிட்டது!

நல்ல வேளையாக, அழிந்துவரும் பிராணிகளின் பட்டியலில் இது இல்லை. ஆனால் இதன் வீடு மனிதன் கையில் இருக்கிறது. கல் அடுக்கிச் சுவர் கட்டும் அந்தப் பழைய கலையை, இத்தாலி, பிரான்ஸ் முதலிய எட்டு ஐரோப்பிய நாடுகளின் பாரம்பரியச் செல்வமாக யுனெஸ்கோ 2018-ஆம் வருஷம் ஏற்றுக்கொண்டது. விவசாயி தன் மண்ணைக் காக்கக் கட்டிய சுவர், ஒரு சின்ன உயிருக்கும் வீடாயிற்று. சிமெண்டுச் சுவரில் இடுக்கு ஏது?

நம் வீட்டு விருந்தாளி

இப்போது நம் அடுப்படிக்குத் திரும்புவோம்.

நம் வீட்டு மூஞ்சூறு குள்ளத் தம்பியைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் குடும்பம் ஒன்றே, குணமும் ஒன்றே. அதற்கும் பார்வை மந்தம். அதனால்தான் சுவரை ஒட்டியே ஓடுகிறது. அதற்கும் ஓயாத பசி. அதன் குட்டிகளும் தாயின் பின்னால் ரயில் வண்டி விடும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு நாள் நம் வீட்டுத் தாழ்வாரத்திலேயே பார்க்கலாம்.

அதன் வாடை விலாவில் உள்ள சுரப்பியிலிருந்து வருவது. அந்த வாடையே அதற்குக் கவசம். பூனை பிடித்தாலும் பெரும்பாலும் தின்னாமல் போட்டுவிட்டுப் போகும். அதன் சத்தம் காசு குலுங்குவது போல் இருப்பதால் சீனர்கள் அதைக் 'காசு எலி' என்கிறார்கள்.

ராத்திரியில் அது நம் வீட்டுக்குள் சுற்றுவது முக்கியமாகக் கரப்பானையும் பூச்சியையும் தேடித்தான். நாம் மருந்து அடித்துச் செய்யும் வேலையை அது கூலியில்லாமல் செய்கிறது. அதற்காக அதைக் கையால் பிடித்துக் கொஞ்ச வேண்டாம். பிடித்தால் கடிக்கும், உடம்பில் தெள்ளுப்பூச்சி இருக்கும். சமைத்த பண்டத்தை மூடி வையுங்கள். அடுப்படிக்குள் வருவது பிடிக்காவிட்டால், கதவுக்கு அடியில் உள்ள சந்தை அடைத்துவிடுங்கள். அது போதும். எலி என்று எண்ணி விஷம் வைக்க வேண்டாம்.

'மூஞ்சூறு தான் போக வழி இல்லையாம். விளக்குமாற்றையும் கவ்விக்கொண்டதாம்' என்று ஒரு பழமொழி சொல்லி நாம் சிரிக்கிறோம். உண்மையில் விளக்குமாற்றைக் கவ்வ அதற்கு நேரம் ஏது? அடுத்த வேளைக்கு இரை கிடைக்குமா என்பதே அதன் வாழ்நாள் கவலை.

ஆகவே அடுத்த தடவை நள்ளிரவில் அந்தக் 'கிரீச்' சத்தம் கேட்டால், விளக்குமாற்றைத் தேடாதீர்கள். குழந்தைகளை எழுப்பிக் காட்டுங்கள். விளக்கைத் தாழ்த்திவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். அந்த ஒரு நிமிஷத்தில் உங்கள் இருதயம் எழுபது தடவை துடிக்கும். சுவர் ஓரத்தில் ஓடும் அந்தச் சின்ன இருதயம் அதற்குள் எத்தனையோ நூறு தடவை துடித்திருக்கும். பாட்டி சொன்னது போல், அதன் பாட்டுக்குப் போகட்டும், விடுங்கள்!